டிரைவர் சீட்டு ஓரம் கிழிஞ்சு, நானே கழட்டிச் சரி பண்ணுன அனுபவம்

வண்டி வாங்கி நாலு வருஷம்தானுங்க ஆச்சு, 72 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்குது, டபுள் கேபின் பிக்கப்பு, டாப் மாடல், லெதர் சீட்டுன்னு அதுக்குத் தனியா காசு கொடுத்து வாங்குனது. ஆனா டிரைவர் சீட்டுல கதவுப் பக்கம் மேடா இருக்குமே, ஏறி எறங்கறப்ப தொடை ஒரசற எடம், அது மூணாவது வருஷமே வெளுத்துருச்சு, அப்பறம் சுருக்கம் சுருக்கமா வெடிச்சு, போன தை மாசம் நாலு விரக்கடை நீளத்துக்கு கிழிஞ்சே போச்சு. பக்கத்து சீட்டப் பாத்தா நேத்து வாங்குனாப்பல இருக்குது, பின் சீட்டு அதுக்கும் மேல புதுசு. ஒரே வண்டி, ஒரே தோலு, ஒரே வெயிலு, இது மட்டும் ஏன் இப்படின்னு நெம்ப வெசனமாப் போச்சுங்க.

வாங்குன எடத்துல போய்க் காட்டுனேன். மேல கீழ பாத்துட்டு "தேய்மானம்ங்க சார், வாரண்டில வராது, புது கவர் மாத்தறதுன்னா 38 ஆயிரம் ஆகும்"னுட்டாங்க. காரணம் கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியல. காரணம் தெரியாம 38 ஆயிரத்தக் கொண்டுபோய்க் கொட்டுனா இன்னொரு மூணு வருஷத்துல மறுபடியும் இதேதானே ஆகும், அதனால நாமளே கழட்டிப் பாத்தறலாம்னு முடிவு பண்ணுனேன்.

எனக்குத் தொழிலு காங்கேயம் பக்கம் தேங்காப் பருப்பு, அதாங்க கொப்பரை, காய வெக்கற களம்ங்க. நாள் முச்சூடும் களத்துல, சாயங்காலம் மில்லுக்கு, ஏல நாள்ல முத்தூரு, பெருந்துறைன்னு ஓட்டம். ஒரு நாள் உக்காந்து எண்ணிப் பாத்தேன், காலைல இருந்து பொழுதோட ஊடு வர்ற வரைக்கும் 34 தடவ வண்டில ஏறி எறங்கியிருக்கறேன். ஆபீஸ் போற ஒருத்தர் கார்ல ஏறுனா நாலு தடவ, அஞ்சு தடவ. அப்ப நம்ம சீட்டுக்கு நாலு வருஷம்ங்கறது அவிக கணக்குல இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல. அதுபோக பிக்கப்புங்கறது உசரமான வண்டி, ஏறறப்ப நேரா நடுவுல போய் உக்கார மாட்டோம், ஓரத்து மேட்டு மேல மொத்த எடையையும் போட்டு அப்படியே உள்ளுக்கு வழுக்கறோம், எறங்கறப்பவும் அதே எடத்துல வழுக்கிட்டுத்தான் கீழ குதிக்கறோம். பின் பாக்கெட்டுல சாவிக்கொத்து வேற. இத இத்தன வருஷம் கவனிச்சதே இல்லைங்க.

போன ஐப்பசில, கிழியறதுக்கு முந்தி, ஒரு கலர் டப்பா வாங்கி சீட்ட ஈரத்துணில தொடச்சுட்டு மேலயே பூசி விட்டேன். ரெண்டு நாள் பாக்க ஜோராத்தான் இருந்துச்சு, மூணாவது வாரம் தோல் உரிஞ்ச மாதிரி ஏடு ஏடா வந்துருச்சு. டப்பா மட்டம்னு நெனச்சேன். ஆனா மார்கழில ஒரு நாள் வெடியக்காலம் அஞ்சு மணிக்கு டார்ச் அடிச்சுட்டு வண்டில ஏறப்போனவன் சீட்டப் பாத்துட்டு நின்னுட்டேன், வெடிச்ச கோட்டுக்குள்ள எல்லாம் வெள்ளையா என்னமோ படிஞ்சிருந்தது. விரல்ல தொட்டா உருகுது. மோந்து பாத்தா தேங்காண்ணெய்! நம்ம களத்துல நாள் பூரா பருப்புல பொழங்கறோம், சட்ட பேண்ட்டெல்லாம் எண்ணெய் ஏறித்தான் இருக்கும், அதே துணியோட உக்காந்து உக்காந்து சீட்டுக்குள்ள எறங்கியிருக்குது. தேங்காண்ணெய் 24 டிகிரி வாக்குல கட்டிப்படும்ங்கறது எங்க தொழில்ல சின்னப்பையனுக்கும் தெரியும், அந்தக் குளுருதான் காட்டிக்கொடுத்துச்சு. எண்ணெய் இருக்கற தோல் மேல எந்தக் கலரும் நிக்காது.

எங்கய்யன் வேற "தோலுக்கு எண்ணெய் நல்லதுதானடா"ன்னாரு. அவரு சொல்றதும் தப்பில்லைங்க, கெணத்துல மாடு பூட்டி கவலை ஏத்தத்துல தண்ணி எறைச்ச காலத்துல, தண்ணி மொள்ற சாலுக்கு அடில தொங்கற தோலுக்கு எண்ணெய் போட்டு ஊற வெச்சுத்தான் பொழங்குனாங்க. அது ஆவாரம்பட்டைல பதனிட்ட தோலு, மேல பூச்சு ஏதும் இருக்காது, எண்ணெயக் குடிச்சு மெதுவாகும். இப்ப வண்டி சீட்டுக்கு வர்றது குரோம் உப்புல பதனிட்ட தோலு, அதுக்கு மேல கலர் பூச்சு, அதுக்கும் மேல பாலியூரித்தேன் கோட்டிங், நம்ம தொடை ஒரசறது அந்தக் கோட்டிங் மேலதான், தோல் மேல இல்ல. எண்ணெயும் வேர்வையும் அந்தப் பூச்சைத்தான் ஊற வெச்சுக் கொழகொழன்னு ஆக்கி உரிச்சு உடுது. தலை சாயற எடத்துலயும் கை வெக்கற எடத்துலயும் லெதரு மொதல்ல கெட்டுப்போறது இதனாலதான். உங்க சீட்டுல பூச்சு இருக்குதா போயிருச்சான்னு பாக்கோணும்னா ஒரு சொட்டு தண்ணி உடுங்க, உருண்டு நின்னா இருக்குது, உறிஞ்சி கருத்துச்சுன்னா போயிருச்சு.

சரி, மாசி மாசம் களத்துல வேல கொஞ்சம் கொறைஞ்ச சமயம், தோட்டத்துச் சாளைல வண்டிய நிறுத்தி சீட்டக் கழட்டுனேன். இங்க ஒண்ணு நெம்ப முக்கியம்ங்க, தயவு செஞ்சு அவசரப்படாதீங்க. இப்ப வர்ற நெறைய வண்டில சீட்டு முதுகுல கதவுப் பக்கம் ஏர்பேக் இருக்குது, ஓரத்துல சின்னதா ஒரு லேபிள் தச்சிருப்பாங்க பாருங்க. பேட்டரில நெகடிவ் ஒயரக் கழட்டிட்டு பத்து நிமிஷம் சும்மா நின்னுட்டு அப்பறம்தான் சீட்டுக்கு அடில இருக்கற மஞ்ச கனெக்டர்ல கை வெச்சேன். சீட்டு வெளிய இருக்கறப்ப சாவியத் திருப்பக் கூடாது, திருப்புனா ஏர்பேக் லைட்டு எரிஞ்சு மெமரில உக்காந்துக்கும், அப்பறம் ஸ்கேனர் போட்டுத்தான் அழிக்கோணும். நாலு போல்ட்டுதான். ஆனா சீட்டு கனம், ஒருத்தரே தூக்குனா கதவு ஓரத்துல இடிச்சு பெயிண்ட் போயிரும், டிரைவர் தம்பியக் கூப்பிட்டு ரெண்டு பேரும் ஒட்டுக்காத் தூக்கி கயித்துக்கட்டில்ல வெச்சோம்.

கவரு அடில பிளாஸ்டிக் கொக்கில மாட்டியிருக்கும், இழுத்து மடக்குனா வந்துரும். நடுவுல பள்ளமா கோடு போகுது பாருங்க, அங்க மட்டும் உள்ளுக்குள்ள கம்பில சின்னச் சின்ன வளையம் போட்டு ஃபோமோட கட்டியிருப்பாங்க, கட்டிங் பிளையர்ல ஒவ்வொண்ணா நறுக்கி எடுத்தேன். கழட்டக் கழட்ட போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, திருப்பி மாட்டறப்ப அது இல்லாட்டி திண்டாடிப் போவீங்க.

கவரத் திருப்பிப் பாத்தப்பதான் லெதர் சீட்டுங்கறதுக்கு அர்த்தமே தெரிஞ்சுதுங்க. உக்கார்ற மொகப்பு மட்டும்தான் தோலு, அடில நார் நாரா இருக்குது. பக்கவாட்டு, பின்பக்கம், கீழ பாவாடை மாதிரி வர்றது எல்லாமே ரெக்சின், அதுக்கு அடில வலைத்துணி. கம்பெனிக்காரங்க லெதர் டிரிம்னு போடறது இதுதான். அதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா வாங்கறவங்களுக்கு யாரும் வெவரமாச் சொல்றதில்ல. தோலு எவ்வளவு தடிமன்னு பாத்தேன், ஒன்னேகால் மில்லி கூட இல்ல.

அடுத்து ஃபோமு. அதப் பாத்ததும் எல்லாக் கேள்விக்கும் பதில் கெடச்சுருச்சு. பக்கத்து சீட்டுல ஓர மேடு 9 சென்டிமீட்டர் உசரம் நிக்குது, டிரைவர் சீட்டுல 5½ தான் இருக்குது. மொத்தமா அமுந்து, உள்பக்கம் தொட்டா பொடிப்பொடியா உதிருது. ஃபிரேம் கம்பிக்கும் ஃபோமுக்கும் நடுவுல ஒட்டியிருந்த கெட்டித்துணி எப்பவோ பிச்சுக்கிட்டு வந்துருச்சு போல, கம்பி ஃபோம அறுத்து உள்ள எறங்கி நிக்குது. மேடு அமுந்ததும் மேல இருக்கற தோலு தொளதொளன்னு ஆகுமில்லீங்களா, அப்பறம் ஒவ்வொரு தடவ உக்கார்றப்பவும் தோலு ஒரே கோட்டுல மடிஞ்சு மடிஞ்சு நிமுருது. ஒரு கம்பிய ஒரே எடத்துல வளைச்சு வளைச்சு நிமுத்துனா ஒடையற மாதிரிதான். மொதல்ல மேல் பூச்சு வெடிக்கும், வெடிச்ச கோடு வழியா வேர்வை, எண்ணெய், இட்டேரித் தூசு எல்லாம் உள்ள எறங்கும், ஆடிக் காத்துல எங்கூர்ல கதவத் தொறந்தாலே சீட்டு மேல மண்ணுதான், அந்த மண்ணு உள்ளுக்குள்ள உப்புத்தாள் வேல பாக்கும், கடைசில நாரு அத்துப்போகும். தோலக் கொற சொல்லி என்னுங்க பண்றது. அடில ஃபோம் நின்னிருந்தா தோலு நின்னிருக்கும். நான் ஐப்பசில கலர் பூசுனது வேலைக்கு ஆகாததுக்கு எண்ணெய் ஒரு காரணம்னா இது இன்னொண்ணு, எண்ணெய் இல்லாட்டியும் அது அதே கோட்டுல வெடிச்சுத்தான் இருக்கும்.

வெள்ளகோவில்ல ஒரு குஷன் கடை அண்ணன் இருக்கறாரு, கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறைல முப்பது வருஷம் சீட்டு வேல பாத்தவரு. ஃபோமையும் கவரையும் தூக்கிட்டு அவருகிட்டப் போனேன். பாத்ததும் மொதல் கேள்வியே "ஏனுந் தம்பி, சாவிக்கொத்து எந்தப் பாக்கெட்டுல வெப்பீங்க"ன்னாரு. வலது பக்கம்னேன். கிழிசல் ஆரம்பிச்ச எடத்துல விரல வெச்சுக் காட்டுனாரு, அவ்வளவுதான், மேல ஒண்ணும் பேசல.

ஃபோமு அவரு சொல்லச் சொல்ல நானே பண்ணுனது. உதிர்ற பாகத்த பூரா ஆக்சா பிளேடுல சாய்வா நறுக்கி எடுத்தாச்சு, நேரா நறுக்கக் கூடாதாம், நேரா நறுக்கி ஒட்டுனா அந்த ஓரம் மேல தெரியும். அந்த எடத்துக்கு ரீபாண்ட் ஃபோம், அதாங்க கலர் கலரா துண்டு துண்டா சேத்து அழுத்துனது, மெத்தைக்கடைல பாத்திருப்பீங்க, நல்ல கெட்டி, சுலபத்துல அமுங்காது. ரெண்டு பக்கமும் ரப்பர் சொல்யூஷன் தடவி, பத்து நிமிஷம் காய உட்டு, ஒட்டோணும். ஈரத்தோட ஒட்டுனா வழுக்கிட்டே இருக்கும். உசரம் பக்கத்து சீட்டு அளவுக்கு வர்ற வரைக்கும் செதுக்கிச் செதுக்கி, மேல 6 மில்லி சாதா ஃபோம் ஒரு ஏடு போத்தி விட்டேன், இல்லாட்டி ரீபாண்ட் கட்டி கட்டியாத் தோல் மேல தெரியும், உக்காந்தா தொடைல உறுத்தும். கம்பி ஒரசற எடத்துல பழையபடி மெல்லிசா துணி ஒட்டாம, கெட்டி கம்பளித்துணி ரெண்டு மடிப்பா வெச்சு ஒட்டியாச்சு. முன்னாடி மேடு பள்ளத்துல போறப்ப சீட்டுல இருந்து கிறீச் கிறீச்சுன்னு ஒரு சத்தம் வரும், அதுவும் இதோட நின்னு போச்சு.

அடுத்தது தோலு. கிழிஞ்ச துண்டுல நாரே செத்துப்போச்சு, நகத்துல சொரண்டுனா மாவு மாதிரி வருது, அத ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாதுன்னு அந்தத் துண்ட மட்டும் மாத்தறதுன்னு முடிவாச்சு. தோல் ஈரோட்டுல வாங்குனேன், அங்க தோல் பதனிடற ஷாப்புக நெறைய உண்டு, விக்கற கடைகளும் இருக்குது, நாலு சதுர அடில ஒரு துண்டு, சதுர அடி 170 ரூவா. தேவைப்பட்டது ரெண்டு அடிதான், ஆனா தோல்ல வயித்துப் பாகம் இழுத்தா இழுத்த பக்கம் நீளும், முதுகுப் பாகம்தான் நிக்கும், அத ஒதுக்கி வெட்டோணும்னா துண்டு பெருசா வேணும்.

அளவு எடுக்கறதுல நான் பண்ணப் பாத்த தப்ப அண்ணன்தான் தடுத்தாரு. பழைய துண்டப் பிரிச்சு அதையே அச்சா வெச்சு வெட்டலாம்னு கோடு போட்டுட்டேன். "அது நாலு வருஷமா இழுபட்ட தோலு தம்பி, அந்த அளவுல வெட்டுனா புதுசும் பொறந்ததுல இருந்தே தொளதொளன்னுதான் இருக்கும்"னாரு. பக்கத்து சீட்டுல அதே எடத்து மேல கண்ணாடிப் பேப்பர விரிச்சு தையல் கோடு மேலயே மார்க்கர்ல வரைஞ்சு, அதத் திருப்பிப் போட்டா டிரைவர் சீட்டுக்கு அச்சு ரெடி. தேயாத தோலு, கம்பெனி அளவு. பழைய துண்டோட ஒப்பிட்டா அகலத்துல ஒரு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் இருந்துச்சுங்க. தையலுக்கு மட்டும் அரை இன்ச் உட்டு வெட்டுனோம்.

தையல் அவரு மிஷின்ல, பாண்டட் நைலான் நூல், இன்ச்சுக்கு ஆறு தையல். நெருக்கித் தச்சா கெட்டியா இருக்கும்னு நெனைக்கறோம், தோல்ல அது ஆகாது, ஊசி ஓட்டை பக்கம் பக்கமா உழுந்து தபால் ஸ்டாம்ப் தாள் மாதிரி அந்தக் கோட்டுலயே கிழிஞ்சுரும். இன்னொண்ணு, நாங்க பிரிச்சது அடி சீட்டு மட்டும்தான். முதுகுல ஏர்பேக் இருக்கற பக்கத் தையலத் தொடவே இல்ல, தொடவும் கூடாது. அந்தத் தையலு ஏர்பேக் விரியறப்ப சட்டுன்னு பிரியோணும்னே அதுக்குன்னு இருக்கற நூல்ல போட்டிருப்பாங்க, அங்க நாம கெட்டி நூல் போட்டுத் தச்சாலோ, மேல இறுக்கமா சீட் கவர் மாட்டுனாலோ பை வெளிய வர்றதுக்குத் தடையாயிரும். சீட்டு ஓரம் தேயுதுன்னு கடைல கெடைக்கற கவர வாங்கி மாட்டறவங்க நெறையப் பேரு இருக்கறீங்க, உங்க வண்டில சைடு ஏர்பேக் இருந்தா அந்தப் பக்கம் தொறப்பு உட்ட கவரான்னு பாத்து வாங்குங்க. பத்து ரூவா நூல் விஷயமில்லைங்க இது, உசுரு.

முதுகு ஓரத்துல கிழியல, வெளுத்து லேசா வெடிச்சிருந்தது, அதுக்குக் கலர் வேல. இந்தத் தடவ அவசரப்படல. மொதல்ல லெதர் கிளீனர் நொரைய மெதுவான பிரஷ்ல தேச்சு அழுக்கு எடுத்தேன், வெள்ளத்துணி கருப்பாகிட்டே வந்துச்சு. அப்பறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணில எண்ணெய் எடுக்கறது, ஒரே நாள்ல இல்ல, மூணு நாள், ஏன்னா இன்னிக்குத் தொடச்சாலும் அடில இருக்கறது நாளைக்கு மேல வந்து நிக்குது. வாட்டர் வாஷ் கடைல பளபளன்னு இருக்கட்டும்னு டேஷ்போர்டு பாலிஷ சீட்டுலயும் அடிச்சு உட்டுருவாங்க, அதுல சிலிக்கான் இருக்குது, அதுவும் சேந்து போகோணும். நான் இனிமே அங்க வண்டி உட்டா சீட்டுல கை வெக்காதீங்கன்னு மொதல்லயே சொல்லிடறேன். இதே ஆல்கஹால் நல்ல பூச்சையும் கரைக்கும்ங்கறதால கெட்டுப்போன எடத்துல மட்டும்தான் பொழங்கோணும், கொரோனா சமயத்துல சானிட்டைசர் போட்ட கையோட ஸ்டியரிங்கையும் சீட்டையும் தொட்டுத் தொட்டு எத்தன வண்டில பூச்சு போச்சுன்னு குஷன் கடைக்காரங்களக் கேட்டா சொல்லுவாங்க.

எண்ணெய் நின்னதும் 600 நம்பர் உப்புத்தாள்ல லேசா, அப்பறம் 1000ல. வெடிப்புல ஃபில்லர ஏடு ஏடா, ஒவ்வொண்ணும் காஞ்ச பொறகு அடுத்தது, தடியா ஒரே தடவ அப்புனா அதுவே வெடிக்கும். கலரு தண்ணில கலக்கற லெதர் கலர். கருப்பு சீட்டுதானே, கருப்புப் பூசுனா ஆச்சுன்னுதான் நெனச்சேன், பூசிப் பாத்தா பக்கத்துல இருக்கறது கருப்பே இல்ல, துளி பழுப்பு கலந்தது. ஈரத்துல ஒரு கலரு, காஞ்சா இன்னொரு கலரு, அதனால சீட்டுக்கு அடில தெரியாத எடத்துல ஒரு பொட்டு வெச்சு, ஊட்டுல இருக்கற ஹேர் டிரையர்ல காய வெச்சு, பாத்து, மறுபடியும் கலந்து, இதுக்கே ஒரு மத்தியானம் பூரா போச்சு. என்ற ஊட்டுக்காரிதான் கடைசில வந்து பாத்துட்டு "ஏனுங்க, இன்னும் துளி பழுப்பு உடுங்க"ன்னா, அது சரியா ஒத்துப்போச்சு, சேலைக்கு ஜாக்கெட் துணி பாக்கற கண்ணுக்கு முன்னாடி நம்ம கண்ணு நிக்காதுங்க. ஸ்பாஞ்சுல மெல்லிசா அஞ்சு கோட்டு. மேல மேட் ஃபினிஷ் டாப் கோட்டு மூணு, அதுல ஹார்ட்னர் கலந்தா அன்னிக்கே தீத்தறோணும். கிளாஸ் வாங்காதீங்க, ரெக்சின் மாதிரி மினுங்கும். டிரையர ரொம்பக் கிட்டப் புடிக்காதீங்க, சூடு ஏறுனா தோலு சுருங்கிக்கும், சுருங்குனது திரும்ப வராது.

ஒரு வாரம் வண்டி சாளைலயே நின்னுச்சு. மாப்பிள்ளையோட மொபெட்ல சுத்துனேன். பூச்சு காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள இறுக நாளாகும்.

செலவு தோலுக்கு 680, ஃபோமும் சொல்யூஷனும் 550, தையக் கூலி 800, அவரு வாங்க மாட்டேன்னாரு, நான்தான் வற்புறுத்திக் கொடுத்தேன், கலரு, கிளீனரு, டாப் கோட்டு எல்லாம் 2,300. மொத்தம் 4,330 ரூவா.

வேல முடிஞ்ச கையோட வண்டிக்கு ரெண்டு பக்கமும் ஃபுட்போர்டு போட்டுட்டேன். இப்ப ஏறறது எப்படின்னா, கால ஃபுட்போர்டுல வெச்சு, மேல கைப்பிடியப் புடிச்சு ஒடம்பத் தூக்கி, நடுவுல உக்காந்துட்டு அப்பறம் கால உள்ள எடுக்கறது. மொதல் வாரம் மறந்து மறந்து போகும், டிரைவர் தம்பி "அண்ணா, ஓரம், ஓரம்"னு சத்தம் போடுவான். சாவிக்கொத்து இப்ப சட்டைப் பாக்கெட்டுல. களத்துல இருந்து நேரா ஏறறப்ப சீட்டுல ஒரு ஈரிழைத் துண்ட விரிச்சுக்கறது, வாரத்துக்கு ரெண்டு தடவ அதத் தொவைக்கப் போட்டறேன். மாசம் ஒருக்கா ஈரத்துணில தொடைக்கறது, அவ்வளவுதான், வேற எந்தப் பாலிஷும் கெடையாது.

இப்ப ஆவணி, ஆறு மாசம் ஆச்சு. மேடு அளந்து பாத்தேன், 8½ல நிக்குது, ஆரம்பத்துல அரை சென்டிமீட்டர் அமுந்ததோட சரி, அதுக்கப்பறம் எறங்கல. தோல்ல மடிப்பு உழுகல. முதுகு ஓரத்துல ஒரே எடத்துல, சீட் பெல்ட் பக்கிள் வந்து இடிக்கற எடம், பொட்டு அளவுக்குக் கலர் போயிருக்குது, மிச்சக் கலர டப்பால எடுத்து வெச்சிருக்கறேன், பொரட்டாசில தொட்டு உட்டுக்கலாம். மார்கழி வரட்டும், வெடியக்காலம் டார்ச் அடிச்சுப் பாக்கறேன், வெள்ளை படியுதான்னு.